பழைய சான்ட்ரோவுக்கு எந்த ஸ்பேர்ஸ் வாங்குவது?

கேள்வி: அப்பா 2009-இல் வாங்கிய சான்ட்ரோ ஜிங் எங்களிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் ஆசிரியை; தினமும் பள்ளிக்கு இதில்தான் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவை மதுரையில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை 2029 வரை புதுப்பித்துவிட்டோம். இப்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறது. பிரேக் பிடித்தால் கிரீச் சத்தம். எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்: டைமிங் பெல்ட், முன் பிரேக் பேட், இரண்டு லோயர் ஆர்ம், முன் ஷாக் அப்சார்பர், கிளட்ச், ரேடியேட்டர் மூடி, ஹோஸ். கம்பெனி சாமான் போட்டால் 40,000 ரூபாய்க்கு மேல் ஆகும், வெளிச்சாமான் என்றால் பாதியில் முடித்துவிடலாம் என்கிறார். சென்னையில் இருக்கும் என் தம்பியோ, புதுப்பேட்டையில் பழைய சாமானாக வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் கடிதத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது: இத்தனை வயதான வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று. தேவைதான். ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஆகாத என்ஜின், கையில் 2029 வரை ஆர்.சி. அதுவும் சான்ட்ரோ ஜிங். 2003 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து ஊர் ஊராக ஓடிய வண்டி. சாமான் கிடைக்கவில்லை என்று நின்றுபோகிற மாடல் இல்லை. இந்தப் பணத்தில் இதைவிட நம்பிக்கையான பழைய கார் ஒன்று வாங்கிவிட முடியாது.

சரி, யார் சொல்வது சரி? மெக்கானிக் சொல்வதிலும் தம்பி சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. ஒரே பதிலை முழுப் பட்டியலுக்கும் போடுவதில்தான் தவறு. எல்லாமே கம்பெனி சாமான் என்பது வீண் செலவு. எல்லாமே வெளிச்சாமான் என்பது ஆபத்து. ஒவ்வொரு சாமானையும் தனியாக எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது போனால், கூடவே என்னென்ன போகும்? சிலவற்றோடு உயிர் போகும், சிலவற்றோடு என்ஜின் போகும், சிலவற்றோடு ஒரு நாள் வேலைக்கூலி போகும். கதவுக் கைப்பிடி மாதிரியான சிலவற்றோடு எதுவும் போகாது. எங்கே எவ்வளவு செலவழிப்பது என்பதை இந்தக் கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

வாங்கப் போவதற்கு முன்னால் பட்டியலையே ஒருமுறை சரிபார்க்கச் சொல்வேன். உங்கள் மெக்கானிக்கின் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை; அடிச்சட்டப் பக்கம் ரப்பர் புஷ், சக்கரப் பக்கம் பால் ஜாயின்ட். ‘டொக் டொக்’ சத்தம் லோயர் ஆர்ம் புஷ்ஷிலிருந்து வரலாம், பால் ஜாயின்டிலிருந்து வரலாம், ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் மவுண்ட்டிலிருந்தும் வரலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினால், தேய்ந்த புஷ் கண்ணெதிரே ஆடும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது, இன்னொருவர் பால் ஜாயின்டில் விரல் வைத்துப் பார்த்தால் அதில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே பானெட்டுக்கு அடியில் ‘கட கட’ என்றால் மவுண்ட்டைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தால் அது போய்விட்டது. உடம்பு காய்ந்து சுத்தமாக இருந்து, பானெட்டை அழுத்தி விட்டதும் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டால், இப்போதைக்கு மாற்ற அவசரம் இல்லை. ஒரு சத்தத்துக்கு நான்கு சாமான் மாற்றுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அரை மணி நேரச் சோதனையில் அதில் இரண்டு மிஞ்சலாம்.

இனி கடைக்குப் போவோம். ‘கம்பெனி’, ‘வெளிச்சாமான்’ என்று இரண்டே வகை இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் அது நான்கு, ஐந்து வகை. கார் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. ஹூண்டாய்க்கு அது மோபிஸ் பெட்டி. அடுத்தது, கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்துகொடுக்கும் தொழிற்சாலைகளே தங்கள் சொந்தப் பெயர் போட்ட பெட்டியில் கடைக்கு விடுவது. இதைத்தான் கடைக்காரர்கள் ‘ஓ.இ.’ என்கிறார்கள். மூன்றாவது, பெயர் இருந்தாலும் தரம் ஏறி இறங்கும் லோக்கல் பிராண்டுகள். நான்காவது, நல்ல பிராண்டின் பெட்டியைக் காப்பியடித்த டூப்ளிகேட். கடைசியாக, கழித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய சாமான். உங்கள் மெக்கானிக் சொல்லும் வெளிச்சாமான் இதில் இரண்டாவதா மூன்றாவதா என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றில்லை.

கார் கம்பெனி பிரேக் பேட் செய்வதில்லை, பேரிங் செய்வதில்லை, டைமிங் பெல்ட்டும் செய்வதில்லை. அதைச் செய்கிறவர்கள் வேறு. அவர்களில் பலர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பவை. பிரேக் லைனிங்கில் ரானே, பேரிங்கில் எஸ்.கே.எஃப்., எஃப்.ஏ.ஜி., என்.பி.சி., ஷாக் அப்சார்பரில் கேப்ரியல், கிளட்சில் வேலியோ, லுக், பெல்ட்டில் கேட்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். இந்தப் பெயர்கள் போட்ட அசல் பெட்டி, கம்பெனி பெட்டியைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. தரத்தில் குறை சொல்ல முடியாது. உங்கள் செலவு குறையப்போவது இந்த இடத்தில்தான். ஆனால் கடையில் “ஓ.இ. தாங்க” என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். “எந்தக் கம்பெனி மேக், பெட்டியைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். மேக் பெயர் சொல்லத் தெரியாத ஓ.இ. என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, பார்ட் நம்பர். ஹூண்டாயில் இது பத்து இலக்கம். முதல் ஐந்து என்ன சாமான் என்று சொல்லும், அடுத்த ஐந்து எந்த மாடலுக்கு என்று சொல்லும். 58101 என்று தொடங்கினால் முன் பிரேக் பேட், 24312 என்றால் டைமிங் பெல்ட், 54500 என்றால் இடது லோயர் ஆர்ம், 54501 என்றால் வலது. பின்னால் வரும் ஐந்தை உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரைச் சொன்னால் ஹூண்டாய் ஸ்பேர்ஸ் கவுன்டரில் பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடம் வாங்காவிட்டாலும் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப் பிராண்டுகளின் பெட்டியிலும் கேட்டலாக்கிலும் இந்த நம்பர் ஒப்பிட்டுப் போட்டிருப்பார்கள். “சான்ட்ரோவுக்கு ஒரு பேட் செட் கொடுங்க” என்று வாங்கினால் 1998-இல் வந்த பழைய சான்ட்ரோவுக்கானதும் கையில் கிடைக்கலாம், ஜிங்குக்கானதும் கிடைக்கலாம். பொருந்தாத சாமானைத் தேய்த்து, அடித்து உட்கார வைப்பது அங்கேதான் தொடங்குகிறது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் நான் பயப்படுவது இதற்குத்தான். பேட் செட்டைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் நான்கு பேட் இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துத் தேய்மானப் பகுதி இரும்புத் தகட்டோடு ஒட்டும் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே கோடாக, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். முடியளவு விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். சூடேறினால் அது தகட்டை விட்டுப் பிரியும். தகட்டின் ஓரம் பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறதா, நான்கும் ஒரே கனமா என்று பாருங்கள். விளிம்பிலோ முதுகிலோ தயாரிப்பாளர் பெயர், பேட்ச் நம்பர், அதோடு இரண்டு ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு பல நல்ல பேட்களில் இருக்கும். எஃப்.எஃப். என்றோ ஜி.ஜி. என்றோ போட்டிருப்பார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்கிறது, இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பதை. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. சூட்டில் எழுத்து இறங்குகிற பேட், சிறுமலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி அழுத்தி வரும்போது கைவிடும். அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது உங்களுக்கு மட்டுமில்லை, டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதும் மெக்கானிக்கின் நுரையீரலுக்கும் நல்லது.

கிரீச் சத்தம் வந்தாலே பேட் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேய்மானப் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். நிறைய இருந்தால், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்களைச் சுத்தம் செய்து, அதற்கென்றே இருக்கும் சிலிக்கான் கிரீஸ் போட்டாலே சத்தம் அடங்கலாம். சாதாரண கிரீஸை அங்கே தடவ விடாதீர்கள், ரப்பர் பூட் ஊறிப் பெருத்துப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று பொதுவாக அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து, அதற்கு மேலே இருந்தால் மட்டும் லேத்தில் கொடுத்துச் சமன்செய்யலாம். கீழே போயிருந்தால் இரண்டு பக்கமும் புது டிஸ்க்.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டை நான் சேர்க்கிறேன். ஒன்று, பிரேக் ஹோஸ். சக்கரத்துக்குப் போகும் அந்தக் கறுப்பு ரப்பர் குழாய் 2009-இலிருந்து அப்படியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதை மடக்கிப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்புகள் தெரியும். இன்னொன்று, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அது 230-இலிருந்து 155. எது போடுவது என்று ஆயில் தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். சீல் உடைக்காத சின்ன டப்பாவாக வாங்கி, முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். பட்டறையில் பாதி திறந்து கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். பின்சக்கர டிரம்மைத் திறக்கும்போது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஈரம் இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். பிரேக்கைச் சேர்ந்த எதிலும் கம்பெனி பெட்டி அல்லது நான் சொன்ன மாதிரிப் பெயருள்ள மேக். மூன்றாவது வகைக்கு இங்கே இடமே இல்லை.

அப்புறம் டைமிங் பெல்ட், என்ஜினில் பிஸ்டனையும் வால்வையும் ஒன்றுக்கொன்று இசைவாக ஓட வைக்கும் ரப்பர் பெல்ட். இந்த என்ஜினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், வால்வு வளையும், என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். உங்கள் மொத்தப் பட்டியலின் செலவு அந்த ஒரு வேலைக்கே ஆகிவிடும். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவின் பழைய பில்களில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றச் சொல்வது என் வழக்கம். ரப்பர், ஓடாமல் நின்றாலும் கெடும். அதனால் கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பெல்ட்டும் வேண்டாம். பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், பாருங்கள். வாங்கி வரும்போது மடக்கிப் பையில் திணிக்கக்கூடாது, உள்ளே இருக்கும் இழை முறிந்துவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் பழைய டென்ஷனர் பேரிங்கை அப்படியே விடுவதும் தப்பு. பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் சேர்ந்து போகும். திறந்திருக்கும்போதே வாட்டர் பம்ப்பில் ஒழுகிய தடம் இருக்கிறதா, கேம், கிராங்க் ஆயில் சீல்கள் நனைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்த சீல்கள் விலை மிகக் குறைந்தவை, ஆனால் ஒழுகும் ஆயில் பெல்ட்டைத் தின்றுவிடும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு சாமானாகவே மதிப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, அதற்குள் ஒரு வால்வும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. தண்ணீர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். அதன் மேல் இன்னும் ஒரு பார் அழுத்தத்தைச் சேர்த்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. அந்த அழுத்தத்தைக் கட்டிக்காப்பது இந்த மூடிதான். மேலே 0.9, 1.1 என்று எண் போட்டிருக்கும். பழைய மூடியில் இருந்த அதே எண்ணில் வாங்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மலிவு மூடி போட்டால் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒரு மே மாத மத்தியானத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு நாற்கரச் சாலையில் போகும்போது முள் சிவப்புக்கு ஏறும். பட்டியலிலேயே விலை குறைந்த இந்தச் சாமானுக்குக் கம்பெனி பெட்டியே வாங்கிவிடுங்கள். ஹோஸ் நல்ல மேக்கில் இருந்தால் போதும். கிளாம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு உங்கள் வண்டியில் இருக்கிறதா? வண்டி சூடாகிறது என்று வந்தால் முதலில் அந்த வால்வைக் கழற்றி வீசுவது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். அதை எடுத்துவிட்டால் முள் இறங்கும், எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் என்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வராமலேயே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இல்லை என்றால் மறுபடி போடச் சொல்லுங்கள். போர் தண்ணீரை ஊற்றாமல், கலந்து விற்கும் கூலன்ட்டாகவே ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் சின்னக் குழாய்களை அடைத்துவிடும்.

லோயர் ஆர்முக்கு வருவோம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் இதுவும் உயிர் சம்பந்தப்பட்ட சாமான்தான். தேய்ந்தது புஷ் மட்டும், ஆர்ம் வளையவில்லை, பால் ஜாயின்ட் இறுக்கமாக இருக்கிறது என்றால், நல்ல மேக் புஷ்ஷை வாங்கிப் பிரஸ்ஸில் ஏற்றலாம், தவறில்லை. ஆனால் பால் ஜாயின்டும் ஆடினால் முழு ஆர்மாகவே வாங்குங்கள், மோபிஸ் அல்லது பெயருள்ள மேக். லோக்கல் ஆர்மில் இரும்பு பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ரப்பர்தான் காட்டிக்கொடுக்கும். நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும், அல்லது அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும். இரண்டுமே சில மாதங்களில் பழைய சத்தத்தைக் கொண்டுவரும்.

புது ஆர்ம் போடும்போது ஒரு விஷயத்தை உங்கள் மெக்கானிக்கிடம் தவறாமல் சொல்லுங்கள். புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்றுவிடும். எவ்வளவு நல்ல புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கம்பெனி சாமான் போட்டும் மூன்றே மாதத்தில் சத்தம் வந்துவிட்டது என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் மாற்றியே ஆக வேண்டும் என்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கேப்ரியல் மாதிரி மேக் தாராளமாகப் போதும், ஹூண்டாய்க்கே சஸ்பென்ஷன் செய்துகொடுக்கும் மாண்டோ கிடைத்தால் அதுவும் நல்லது. மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் கூடவே மாற்றினால் இரண்டாவது முறை கழற்றும் கூலி மிச்சம். பழையதை வெட்டி ஆயில் மாற்றி ‘ரீகண்டிஷன்’ செய்து தருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கிளட்ச் இப்போது வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். கடிதத்தில் கிளட்ச் தொந்தரவு என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். என்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். மேட்டில் ஏறும்போது இரைச்சல் கூடி வேகம் கூடாமல் இருந்தாலும் அதே அர்த்தம்தான். மிதி கடினமாக இருப்பது மட்டுமே குறை என்றால், முதலில் கேபிளைப் பாருங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே மேக்கில் செட்டாக. கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் இதில் பெரிய செலவு. மலிவு பேரிங் ஒன்றுக்காக அந்தக் கூலியை இரண்டு முறை கொடுப்பது வருத்தமான விஷயம்.

புதுப்பேட்டையைப் பற்றித் தம்பிக்குச் சொல்லுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த மார்க்கெட் ஒரு வரம். கதவுக் கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், சைடு மிரர், ஹெட்லைட் கூடு, டேஷ்போர்டு பிளாஸ்டிக், டிக்கி கதவு, சீட் எல்லாம் தாராளமாக வாங்கலாம். கழற்றிய அசல் கதவு, புதிதாக அடித்த லோக்கல் கதவைவிடப் பொருந்தி உட்காரும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மாதிரியானவற்றை ஓடவிட்டுக் காட்டினால், பில்லோடு வாங்கலாம். ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் எதையும் அங்கே வாங்க வேண்டாம். ரப்பர், பெல்ட், பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட், டயர்: இவற்றில் இன்னொருவர் எவ்வளவு தேய்த்திருக்கிறார் என்பது வெளியே தெரியாது. பில் தராத இடத்தில் எதையும் வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், திருட்டு வண்டியின் சாமான் நம் வீட்டுக்கு வரக்கூடாது.

டூப்ளிகேட்டுக்குப் பயந்து கம்பெனி பெட்டி வாங்குகிறவர்களும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பெட்டியும் அச்சடிக்க முடிகிற பொருள்தான். ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு விவரம் இத்தனையும் பாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று இல்லையென்றாலும் நகர்ந்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரும் உள்ளே சாமானில் பொறித்திருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேரிங் என்றால் எஸ்.கே.எஃப்., எஃப்.ஏ.ஜி. இரண்டுக்கும் அசலா என்று சரிபார்க்கும் செயலி மொபைலிலேயே இருக்கிறது. விலையும் பேசும்: கம்பெனி சாமானுக்குக் கடைக்காரர் கொஞ்சம் தள்ளுபடி தருவார், எம்.ஆர்.பி.யில் பாதிக்குத் தருகிறேன் என்றால் அது அசலாக இருக்காது. ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள், பிரேக் சாமானை மட்டும் கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. பில்லில் பார்ட் நம்பரும் மேக்கும் எழுதி வாங்குங்கள். ‘ஸ்பேர்ஸ் வகையறா’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பின்னால் எதுவும் கேட்க முடியாது. சாமான் போலி என்று தெரிந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். பில் இருந்தால்தான் அங்கேயும் உங்கள் பேச்சு நிற்கும்.

மெக்கானிக்கிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். சாமானைக் கடையில் வாங்கிக் கொடுக்கும்போது அவருக்கு ஒரு கமிஷன் கிடைக்கும். பல பட்டறைகள் குறைந்த கூலியை அதை வைத்துத்தான் ஈடுகட்டுகின்றன. அது அவர் பிழைப்பு. அதனால் நேராகப் பேசுங்கள்: “அண்ணே, சாமான் இந்த மேக்தான் வேண்டும், கடைக்கு நானும் வருகிறேன், உங்கள் கூலியை முழுசாகச் சொல்லுங்கள்” என்று. கூலியில் பேரம் பேசாதீர்கள். நல்ல சாமானைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைத்தால், அவசரமாக முறுக்கிய போல்ட்தான் மிஞ்சும். கழற்றிய பழைய சாமான்களையும் காலிப் பெட்டிகளையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்த முறை என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

பணத்தை ஒரே மாதத்தில் போட வேண்டியதில்லை. இந்த வாரமே பிரேக்கை முடியுங்கள்: பேட், ஹோஸ், ஆயில். பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் லோயர் ஆர்மும் கூடவே. அதற்கு அடுத்தது டைமிங் பெல்ட்டும் ரேடியேட்டர் மூடி, ஹோஸும். அது முடியும்வரை வெளியூர் எடுத்துப் போக வேண்டாம், அம்மாவை ஒரு தடவை வாடகைக் காரில் அழைத்துப் போங்கள். ஷாக் அப்சார்பர் சோதனையில் தேறினால் தள்ளிப்போடலாம். கிளட்ச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வழுக்கவில்லை என்றால் அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்வேன். புது பேட் போட்ட முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியோடு வழக்கத்தைவிட இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய அவ்வளவு தூரம் ஆகும்.